அளவுகோலைக் காத்த மனிதர்: கலாநிதி கே.எஸ். கிருஷ்ணன்

பீலெஃபெல்ட் நகரில் எம்மவர் நடத்தும் பலசரக்குக் கடையொன்றில் முருங்கைக்காயும் வெண்டிக்காயும் வாங்கி நிறுவைக்கு வைக்கும்போது, தராசின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய ஒட்டுத்தாளை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும். அரசின் அளவைப் பரிசோதகர் வந்து, தராசு சரியாக நிறுக்கின்றது என உறுதி செய்து இட்ட முத்திரை அது. குறித்த காலம் முடிந்ததும் மீண்டும் பரிசோதனை நடைபெற வேண்டும். கடைக்காரர் எமது உறவினராக இருக்கலாம். வாங்குபவர் நேற்று முகாமிலிருந்து வந்தவராக இருக்கலாம். மொழி தெரியாதவருக்கும் வதிவிட அனுமதி கிடையாதவருக்கும் அந்தத் தராசு ஒரே அளவையே காட்டுகின்றது.

பரிசோதகரின் கையிலுள்ள படிக்கற்கள் அவற்றினும் நுட்பமான படிக்கற்களோடு ஒப்பிடப்பட்டவை. அவை மேலும் நுட்பமானவற்றோடு ஒப்பிடப்பட்டவை. இவ்வாறு படிப்படியாகச் சென்றால், இங்கிருந்து கிழக்கே புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலத்திற்குள் சென்றடையக்கூடிய பிரவுன்ஷ்வைக் நகரின் அரச பௌதிக அளவை ஆய்வுகூடத்தில் அந்தச் சங்கிலி முடிவடைகின்றது. ஒரு நாட்டின் மீற்றரும் கிலோகிராமும் செக்கனும் எவையென்று அறுதியிட்டுக் கூறும் இல்லம் அது. இத்தகைய இல்லம் ஒன்றை இந்தியாவிலே முதன்முதலாக அமைத்து, பதினான்கு ஆண்டுகள் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர் என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரான கலாநிதி கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் அவர்களின் வாழ்வையே இங்கு சுருக்கமாகத் தர விரும்புகின்றோம்.

அவரைப் பற்றி எழுதுவதற்கு எமக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள உயர்தரப் பாடசாலைகளில் பௌதிகவியல் கற்கும் எமது பிள்ளைகள், இராமன் விளைவு என்ற பெயரைப் பாடநூலில் காண்கின்றார்கள். அது எம்மவர் பெயர் என்று பெருமை கொள்கின்றார்கள். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை முதன்முதலாக உலகுக்கு அறிவித்த குறிப்பின் கீழ் இரண்டு பெயர்கள் இருந்தன என்பதையும், அவ்விரண்டாவது பெயர் எவ்வாறு மறைந்துபோனது என்பதையும் பாடநூல் கூறுவதில்லை.

வத்திராயிருப்பில் தொடங்கிய பயணம்

தமிழகத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் 1898ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். வீட்டிலே கேட்ட இரு மொழிகளின் இலக்கியங்களும் இறுதிவரை கிருஷ்ணனோடு கூடவே வந்தன.

விஞ்ஞானத்தில் தமக்கு நாட்டம் ஏற்பட்டமைக்குத் தமது பாடசாலை ஆசிரியர் கற்பித்த முறையே காரணம் எனப் பின்னாளில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். அந்த ஆசிரியர் புகழ்பெற்ற விஞ்ஞானி அல்லர். ஆனால் பாடத்தை வாயால் மட்டும் சொல்லாது, மாணவர் கையாலும் செய்து பார்க்க வைத்தவர்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கிருஷ்ணன் கற்றார். கற்று முடிந்ததும் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனவியற் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். மதிய உணவு வேளையில் அவரைச் சுற்றி மாணவர் கூடுவது வழக்கமாயிற்று. பௌதிகவியல், கணிதம், இரசாயனவியல் என எதைப் பற்றியும் கேள்வி கேட்கலாம். பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை, வேறு துறை மாணவரும் வந்து அமர்ந்தனர். பதவியால் அவர் அன்று மிகச் சிறியவர். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் சாரம் எதுவோ அது அந்த மதிய வேளையில் அவரிடம் இருந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

கல்கத்தாவின் இருட்டறை

1920ஆம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.வி. இராமனிடம் கற்பதே அவரது நோக்கமாயிருந்தது. 1923இல் பௌபசார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வு மாணவரானார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876இல் பொதுமக்களின் நன்கொடையோடு நிறுவிய கழகம் அது.

திரவங்களினூடாக ஒளி செல்லும்போது அது எவ்வாறு சிதறுகின்றது என்பதே இராமனின் மாணவர் குழாம் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த விடயம். பரிசோதனை எளிமையானது. சூரிய ஒளியை வில்லையால் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் விடும் கண்ணாடியொன்றினூடாகத் தூய திரவத்தினுள் செலுத்த வேண்டும். பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால், அந்த ஊதாவை முற்றாகத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் கண்ணாடியை வைக்க வேண்டும். சிதறும் ஒளி நிறம் மாறாததாயின் இரண்டாவது கண்ணாடியினூடாக எதுவும் தெரியாது; இருள் மட்டுமே எஞ்சும். ஆனால் எஞ்சியது இருள் அன்று. மிக மங்கலான ஓர் ஒளித்தடம் தெரிந்தது.

இதனை முன்னர் கண்டவர்கள், திரவத்தில் கலந்துள்ள அழுக்கின் உடனொளிர்வே அது என எண்ணினார்கள். கே.ஆர். இராமநாதன் 1923இலேயே இதனைக் கண்டிருந்தார். எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் இதனை மிகத் தெளிவாகக் கண்டார். 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோட்பாட்டு ஆய்வில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை இராமன் மீண்டும் பரிசோதனை மேசைக்கு அழைத்தார்.

அந்தப் பெப்ரவரி மாதத்தில் கிருஷ்ணன் செய்த வேலை பொறுமையின் வேலை. திரவங்களை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கினார். அழுக்கே காரணமாயின், தூய்மை கூடக்கூட ஒளித்தடம் மங்க வேண்டும். அது மங்கவில்லை. அந்த ஒளி முனைவாக்கம் அடைந்துள்ளதா என்று பார்த்தார். சாதாரண உடனொளிர்வில் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது முனைவாக்கம் அடைந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, பல்வேறு திரவங்களிலும் ஆவிகளிலும் அதே காட்சி. நாள்தோறும் கண்டவற்றை அவர் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஒளி மூலக்கூறோடு மோதும்போது தன் சக்தியில் ஒரு பகுதியைக் கொடுத்தோ பெற்றோ நிறம் மாறி வெளிவருகின்றது என்ற உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

பெப்ரவரி 16ஆம் திகதியிட்ட சிறிய குறிப்பொன்று இலண்டனின் நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பப்பட்டு மார்ச் 31இல் வெளிவந்தது. அதிலே இராமன், கிருஷ்ணன் என்ற இருவரும் கையொப்பமிட்டிருந்தனர். பெப்ரவரி 28ஆம் திகதி நிறமாலையில் புதிய கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. இந்தியா இன்று தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுவது அந்த நாளையே. அதே காலத்தில் மொஸ்கோவில் லண்ட்ஸ்பேர்க், மண்டல்ஸ்டாம் என்ற இருவர் பளிங்குகளில் இதே விளைவைத் தனியாகக் கண்டிருந்தனர்.

ஒரு பெயர் நிலைத்தது, ஒரு பெயர் மறைந்தது

1930ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பரிசுரையில் இராமன் கிருஷ்ணனின் பங்கினைக் குறிப்பிட்டார். எனினும் உலகம் நினைவில் கொண்டது ஒரு பெயரையே.

அந்தப் பெயர் சூட்டப்பட்டதும் இந்த ஜேர்மன் மண்ணிலேதான். பேர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த பீற்றர் பிறிங்ஸ்ஹைம் 1928ஆம் ஆண்டிலேயே இதனை மீண்டும் செய்து பார்த்து, இராமன் விளைவு என்ற தலைப்பிலே ஜேர்மன் மொழியில் எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது. ஐந்து ஆண்டுகளின் பின்னர் பிறிங்ஸ்ஹைமும் தமது பதவியை இழந்து பெல்ஜியத்துக்கு ஓடினார். யுத்தம் அங்கும் வந்தபோது பிரான்சில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். இறுதியில் அமெரிக்காவில் அடைக்கலம் பெற்றார். யூத வழித்தோன்றல் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். பிறருடைய கண்டுபிடிப்புக்குப் பெயர் சூட்டியவரும் அகதியாக வேண்டியிருந்தது.

கிருஷ்ணனுக்கு நீதி கிடைத்ததா என்ற கேள்வி விஞ்ஞான வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் எழுகின்றது. ஆய்வின் நோக்கத்தை வகுத்தவர், பல ஆண்டுகள் அதனை வழிநடத்தியவர், காட்சியின் பொருளைத் துணிந்து அறிவித்தவர் இராமன் என்பதில் ஐயமில்லை. அதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய கைகள் கிருஷ்ணனுடையவை என்பதிலும் ஐயமில்லை. கிருஷ்ணன் இதுபற்றிப் பொது மேடையில் உரிமை கோரி நிற்கவில்லை. இராமனைத் தமது குருவாகவே மதித்தார். அவரது மௌனத்தைப் பெருந்தன்மை என்று மட்டும் கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. மௌனமாயிருப்பவரின் பங்கையும் சரியாக அளந்து கூறுவது பிற்காலத்தவரின் கடமை.

தொங்கும் பளிங்கு

1928 டிசெம்பரில் கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்குச் சென்றார். ஐன்ஸ்டைனோடு சேர்த்துப் பேசப்படும் சத்தியேந்திரநாத் போஸ் அங்கே அவரது சகபாடியாக இருந்தார். ஒளியின் ஆய்விலிருந்து விலகி, பளிங்குகளின் காந்த இயல்பை அளக்கும் ஆய்வில் அவர் இறங்கினார். எமது பார்வையில், அவரது மிகச் சொந்தமான சாதனை இதுவே.

அவர் கையாண்ட முறையை எமது மாணவர்க்கு விளக்குவது கடினமன்று. சிறிய பளிங்கு ஒன்று மெல்லிய இழையில் காந்தப்புலத்தினுள் தொங்குகின்றது. பளிங்கின் காந்த இயல்பு எல்லாத் திசைகளிலும் ஒன்றாயிராது. ஆகவே அது தனக்கு உகந்த ஒரு திசையை நோக்கி நிற்கும. இழையின் மேல் நுனியைச் சிறிது சிறிதாக முறுக்கினால், பளிங்கு முதலில் அத்திசையை விடாது பற்றி நிற்கும்; பின்னர் மெல்லத் திரும்பும்; நாற்பத்தைந்து பாகையை அடைந்ததும் பிடி விட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் இழை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்தால், பளிங்கின் இரு திசைகளுக்கிடையேயான காந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு காந்தம், ஓர் இழை, ஒரு பாகைமானி, ஒரு நிதானமான கை, இவை போதும்.

இந்த அளவீட்டிலிருந்து பளிங்கினுள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறிய முடிந்தது. 1933ஆம் ஆண்டு முதல் இவை இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீடுகளில் தொடராக வெளிவந்தன. பளிங்கியலில் புகழ்பெற்ற கத்லீன் லொன்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் இணைந்து 1936இல் ஒரு கட்டுரை எழுதினர். கிருஷ்ணன் மறைந்த பின்னர் றோயல் சங்கத்திற்காக அவரது வாழ்க்கைக் குறிப்பை ஹோமி பாபாவோடு சேர்ந்து எழுதியவரும் அந்த அம்மையாரே.

1933இல் இராமன் பெங்களூருக்குச் சென்றதும், கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, மகேந்திரலால் சர்க்காரின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றார். 1937இல் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் விரிவுரையாற்றினார். 1940இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியரானார். 1946இல் சேர் பட்டம் கிடைத்தது. அதுவரை அவர் ஆய்வாளர், ஆசிரியர் மட்டுமே. அடுத்த ஆண்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது வேறு வகையான பணி.

அளவைகளுக்கு ஓர் இல்லம்

இவ்விடத்தில் அளவை ஆய்வுகூடம் என்ற எண்ணம் எங்கே பிறந்தது என்பதைச் சிறிது நோக்குவது பொருத்தமாகும். 1887ஆம் ஆண்டு பேர்லினுக்கு அருகே ஷார்லொட்டன்பூர்க்கில் உலகின் முதலாவது அரச பௌதிக அளவை நிறுவனம் தோன்றியது. மின்சாரத் தொழிலதிபர் வேர்னர் ஃபொன் சீமென்ஸ் அதற்குக் காணி வழங்கினார். பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதன் முதற் தலைவரானார். விளக்குகளின் ஒளியை அளப்பதற்கு நம்பகமான நியமம் ஒன்றைத் தேடி அங்குள்ளவர்கள் வெப்பமான உட்குழிவுகளின் கதிர்வீச்சை அளந்தார்கள். அந்த அளவீடுகளை விளக்க முயன்றபோதே 1900இல் மாக்ஸ் பிளாங்க் சக்திச் சொட்டுக் கொள்கையின் முதற் படியை வைத்தார். தெரு விளக்குக்கான அளவுகோலைத் தேடியவர்கள் புதிய பௌதிகவியலின் வாசலைத் திறந்துவிட்டனர். இதே முன்மாதிரியைப் பின்பற்றி 1900இல் பிரித்தானியாவும் 1901இல் அமெரிக்காவும் தத்தம் ஆய்வுகூடங்களை அமைத்தன.

அந்த நிறுவனமே 1933இல் எவ்வாறு சீரழிந்தது என்பதும் எமக்குப் பாடமாகும். நாசிகளின் ஆதரவாளரான யொஹான்னஸ் ஸ்டார்க் அதன் தலைவரானார். ஆலோசகராயிருந்த மாக்ஸ் ஃபொன் லௌவே நீக்கப்பட்டார். அதன் ஆட்சிக்குழுவில் பல ஆண்டுகள் இருந்த ஐன்ஸ்டைன் அவ்வேளை நாட்டைவிட்டே போயிருந்தார். படிக்கற்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. மனிதரை நிறுக்கும் தராசு மட்டும் இனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. யுத்தத்தின் பின்னரே அதன் பணி பிரவுன்ஷ்வைக்கில் புதிதாகத் தொடங்கியது.

இந்தியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற்கு 1947 ஜனவரி 4ஆம் திகதி ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். கிருஷ்ணன் அதன் முதற் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்டில் சுதந்திரமும் பிரிவினையும் ஒன்றாகவே வந்தன. இலட்சக்கணக்கான அகதிகள் டில்லியில் வந்து குவிந்தனர். கிருஷ்ணன் ஐந்து ஆண்டுகள் கற்பித்த டாக்கா வேறொரு நாடாயிற்று. கூடாரங்கள் நிறைந்த அந்த நகரத்திலே, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினைப் பற்றிக் கவலைப்படும் கட்டடம் மெல்ல எழுந்தது. 1950 ஜனவரி 21ஆம் திகதி சர்தார் வல்லபாய் பட்டேல் அதனைத் திறந்து வைத்தார். இந்தியா குடியரசாவதற்கு அப்போது ஐந்து நாட்களே இருந்தன.

அகதிக்கு உணவில்லாத வேளையில் அளவுகோல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பங்கீட்டு அரிசிக்காக வரிசையில் நின்றவர்களுக்கு விடை தெரியும். எடை குறைந்தால் முதலில் வயிறு காய்வது ஏழைக்கே. அக்காலத்து இந்தியாவில் சேர் என்ற எடை ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. மணங்கு என்பதும் அவ்வாறே. தமிழகத்தில் வீசையும் பலமும், படியும் மரக்காலும் வழங்கின. எமது யாழ்ப்பாணத்தில் நெல்லைப் புசலிலும் அரிசியைக் கொத்திலும் மீனை இறாத்தலிலும் காணியைப் பரப்பிலும் கணக்கிட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழகிய அளவைகளில் இனிமை உண்டு. ஆனால் சந்தைக்குச் சந்தை படி மாறினால் அந்த இடைவெளியில் இலாபம் பெறுபவர் விவசாயி அல்லர்.

1956ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறுத்தல் அளத்தல் நியமச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தது. அதே ஆண்டில் இந்தியா அனைத்துலக மீற்றர் உடன்படிக்கையில் இணைந்தது. 1958 ஒக்ரோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாக அறிமுகமாயின. 1962 ஏப்ரலில் அவை நாடெங்கும் கட்டாயமாயின. பிளாற்றினம், இரிடியம் ஆகியவற்றின் கலப்பாலான அனைத்துலகக் கிலோகிராமின் 57ஆம் இலக்கப் பிரதி இந்தியாவுக்குரியதாயிற்று. அது கிருஷ்ணனின் ஆய்வுகூடத்திலே வைக்கப்பட்டது. அதனோடு ஒப்பிடப்பட்ட படிகள் மாநிலங்களுக்கும், அங்கிருந்து மாவட்டப் பரிசோதகர்களுக்கும், அங்கிருந்து கடைத்தெருவுக்கும் சென்றன. வத்திராயிருப்புச் சந்தையில் மிளகாய் நிறுத்தவரும் பஞ்சாபில் கோதுமை நிறுத்தவரும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டனர்.

நிருவாகியாகவும் ஆய்வாளராகவும்

அளவைகளைக் காப்பதோடு ஆய்வுகூடத்தின் பணி முடிந்துவிடுவதாகக் கிருஷ்ணன் கருதவில்லை. ஆய்வு இல்லாத அளவைக்கூடம் வெறும் நூதனசாலையாகிவிடும் என்பதை அவரது செயல்கள் உணர்த்தின. இந்தியாவில் முதன்முதலாக ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் வசதி 1950களின் தொடக்கத்தில் அங்கேயே ஏற்பட்டது. வெப்பமான பொருள்களிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படுவதை அவர் எஸ்.சி. ஜெயின் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து அளந்தார். மின்னோட்டத்தால் சூடாகும் மெல்லிய கோலில் வெப்பநிலை நுனியிலிருந்து நடுவரை எவ்வாறு மாறுகின்றது என்பதையும் ஆராய்ந்தார். பணிப்பாளர் நாற்காலியில் இருந்தபோதும் கோப்புகளைக் காட்டிலும் இளைஞரோடு உரையாடுவதிலேயே அவருக்கு விருப்பம் மிகுதி. கிறிஸ்தவக் கல்லூரியின் மதிய வேளை அவரை விட்டு அகலவில்லை.

இந்திய அணுசக்தி ஆணைக்குழு 1948இல் அமைந்தபோது ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்னாகர் ஆகியோரோடு மூன்றாமவராக இருந்தவர் கிருஷ்ணனே. 1954இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. பட்னாகரின் பெயரால் நிறுவப்பட்ட விஞ்ஞான விருது 1958இல் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. கம்பனையும் காளிதாசனையும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர், கதை சொல்வதில் வல்லவர், ரென்னிஸ் விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர் என்றெல்லாம் அவரோடு பழகியவர்கள் எழுதி வைத்துள்ளனர்.

அவருக்குப் பின்னரும் அந்த ஆய்வுகூடம் சிறந்த விஞ்ஞானிகளைக் கண்டது. பளிங்கியலாளர் அஜித் ராம் வர்மா 1965 முதல் 1982 வரை பணிப்பாளராக இருந்தார். வளிமண்டலத்தின் மேற்படைகளை ஆராய்ந்த ஏ.பி. மித்ரா அவரைத் தொடர்ந்தார். 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளரின் விரலில் இடப்பட்ட அழியாத மையின் கலவையை உருவாக்கியதும் இந்த ஆய்வுகூடமே. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதும் ஓர் அளவைதான்.

காணாத நிறைவு

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் டில்லியில் மாரடைப்பினால் கிருஷ்ணன் காலமானார். வயது 62. மெட்ரிக் எடைகள் நாடெங்கும் கட்டாயமாவதற்கு இன்னும் பத்து மாதங்கள் இருந்தன. தாம் காவல் காத்த அளவுகோல் கிராமத்துக் கடையைச் சென்றடைந்த நிறைவை அவர் காணவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டுவிட்டே சென்றார். 1960 ஒக்ரோபரில் உலக நாடுகள் மீற்றர் கோலைக் கைவிட்டன. கிரிப்தன் வாயுவின் செம்மஞ்சள் ஒளியின் 1,650,763.73 அலைநீளங்களே ஒரு மீற்றர் என முடிவாயிற்று. அதற்குரிய விளக்கினை உருவாக்கியவர் பிரவுன்ஷ்வைக் ஆய்வுகூடத்தின் ஏர்ன்ஸ்ட் எங்கெல்ஹார்ட். மங்கலான ஒளித்தடத்தைத் தேடி இருட்டறையில் வாழ்வைத் தொடங்கியவரின் இறுதி ஆண்டில், ஒளியே உலகின் அளவுகோலாயிற்று. பின்னர் 1983இல் அந்த வரையறையும் மாறி, ஒளியின் வேகமே மீற்றருக்கு அடிப்படையாயிற்று. கிலோகிராமும் 2019 மே 20ஆம் திகதி உலோகக் கட்டியிலிருந்து விடுதலை பெற்று, பிளாங்க் கண்டறிந்த மாறிலியோடு பிணைக்கப்பட்டது. அந்த மாற்றத்திற்காகப் பிரவுன்ஷ்வைக்கில் ஏறத்தாழ 94 மில்லிமீற்றர் விட்டமுள்ள தூய சிலிக்கன் கோளத்தினுள் உள்ள அணுக்களையே எண்ணினார்கள். இனி எந்த அரசனின் பெட்டியிலும் கிலோகிராம் இல்லை. எந்த நாட்டவரும் தம் ஆய்வுகூடத்தில் அதனை மீட்டெடுக்கலாம்.

ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முதலாண்டு மாணவர்க்கு வேணியர் இடுக்கிமானியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நாம், இந்நாட்டிற்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் எமது சான்றிதழ்களை நீட்டி நின்றோம். அவற்றைப் புரட்டிப் பார்த்தவர் இரக்கமற்றவர் அல்லர். ஆனால் அவரிடம் அவற்றை அளக்க ஒரு கோல் இருக்கவில்லை. மீற்றரையும் கிலோகிராமையும் உலகம் ஒன்றாக்கிவிட்டது. மனிதனின் கல்வியையும் துன்பத்தையும் அளக்கும் கோல் இன்னும் நாட்டுக்கு நாடு வேறாகவே உள்ளது. வாசகர்களில் பலர் இதனை எம்மிலும் கசப்பாக அறிவார்கள்.

அதனாலேயே கிருஷ்ணனின் வாழ்வு எமக்கு நெருக்கமாகின்றது. தமது பங்கு சரியாக அளக்கப்படாத ஒருவர், மற்றவர் எவருக்கும் அளவு குறையாதிருக்கும் பணியிலே தமது இறுதிப் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்டார். அந்த ஆய்வுகூடம் அமைந்துள்ள வீதி இன்று கலாநிதி கே.எஸ். கிருஷ்ணன் வீதி என வழங்குகின்றது. பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வந்து இராமன் விளைவைப் பற்றிப் பேசும்போது, அந்த இருட்டறையில் திரவங்களை மீண்டும் மீண்டும் வடித்துக்கொண்டிருந்த வத்திராயிருப்பு இளைஞரின் பெயரையும் பெற்றோர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த முறை கடையில் முருங்கைக்காயை நிறுக்கும்போது தராசின் பக்கவாட்டிலுள்ள ஒட்டுத்தாளையும் அவர்களுக்குக் காட்டலாம்.